மெட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளம்

தோடி ராகத்தின் காந்தாரத்தைக் கடையில் வாங்கிய கிதாரில் வாசிக்க முயன்றவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். கிதாரிலோ மெட்டுக்கு ஒரு சுரம் என்று கணக்குப் போட்டு அடித்து வைத்திருக்கிறார்கள். ஊஞ்சலை ஆட்ட வேண்டுமானால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இழுத்தால் தந்தி நகர்கிறது. விரலின் சதை மட்டும் பலகையில் உரசி மக்கர் பண்ணுகிறது. நாலு தடவை இழுப்பதற்குள் நுனிவிரல் சிவந்துவிடும். ஐந்தாவது தடவை காந்தாரம் மத்திமத்தை எட்டாமலே திரும்பிவிடும்.

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் இந்தச் சங்கடத்துக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். பழைய ஆட்கள் 'தண்டு' என்று சொல்லும் கன்டோன்மென்ட்டின் ஒரு மூலை அது. எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற கலெக்டரின் பெயரைத் தாங்கிய பேட்டை. பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியர்கள், தேவாலயங்கள், சபாக்கள் என்று கலந்து கிடக்கும் இந்த வட்டாரத்தில், ஞாயிறு காலை கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பிள்ளையும் சாயங்காலம் வீணை வகுப்புக்குப் போகும் பிள்ளையும் ஒரே பூங்கா ஓரமாகத்தான் நடக்கிறார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். அண்ணனின் கிதாரில் தங்கை தோடியைத் தேடும்போது பிரச்சினை ஆரம்பிக்கிறது.

பிரச்சினையின் வேர் ஒரு வர்க்கமூலத்தில் இருக்கிறது. தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறும். அதாவது விசையை இரண்டு மடங்காக்கினாலும் சுருதி இரண்டு மடங்காகாது. சுமார் 41 சதவீதம்தான் ஏறும். சுருதி அரைச் சுரம் ஏற வேண்டுமென்றால் தந்தியின் விசை 12 சதவீதம் கூட வேண்டும். முழுச் சுரத்துக்கு 26 சதவீதம். சட்ஜத்தில் வைத்த விரலை வேறு மெட்டுக்கு நகர்த்தாமல் அந்தர காந்தாரம் வரை போக 59 சதவீதம். மின்கிதாரின் மிக மெல்லிய தந்தி சாதாரணமாக 7 கிலோவுக்குச் சற்று அதிகமான எடை தொங்குவதுபோல் விறைத்து நிற்கிறது. அதே தந்தியில் இருந்த இடத்திலிருந்தே அந்தர காந்தாரம் கேட்க வேண்டுமானால் 11 கிலோவைத் தாண்ட வேண்டும். ஒற்றை விரலுக்கு இது பெரிய சுமை. அதோடு பலகையின் உராய்வும் சேர்ந்தால், கமகம் என்று சொல்லும் அந்தச் சுர ஊஞ்சல் மூச்சு வாங்கும்.

வீணையைச் செய்தவர்கள் இந்த உராய்வை அடியோடு ஒழித்துவிட்டார்கள். வீணையின் கழுத்தான தண்டியின் இரண்டு விளிம்பிலும் தேன்மெழுகில் கரித்தூள் கலந்து இரண்டு கரிய சுவர்களை எழுப்பி, அவற்றின் மேல் பாலம்போல 24 உலோக மெட்டுகளைப் பதிக்கிறார்கள். மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை, காற்றுதான். தந்தியை அழுத்தும் விரல் மரத்தைத் தொடவே தொடாது. தொடுவது தந்தியையும் மெட்டின் உச்சியையும் மட்டும். அதனால்தான் ஒரே மெட்டில் நின்றுகொண்டு மூன்று நான்கு சுரங்களை இழுத்தே எட்ட முடிகிறது. இந்த 24 மெட்டு அமைப்பு தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலைபெற்றதாகச் சொல்வது மரபு. ஸ்தாயிக்கு 12 மெட்டு வீதம் இரண்டு ஸ்தாயி. எண்ணிக்கையில் பார்த்தால் இன்றைய மின்கிதார்கள் பலவற்றிலும் அதே 24தான்.

கிதாரின் மெட்டு இடைவெளிக்கு ஓர் எண் உண்டு: 17.817. தந்தியின் நீளத்தை அதனால் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும்; மிச்ச நீளத்தை மறுபடி அதனாலேயே வகுத்தால் இரண்டாவது மெட்டு. பழைய ஐரோப்பியக் கருவி வினைஞர்கள் வசதிக்காக 18 என்றே வைத்துக்கொண்டார்கள். அந்த 18ஐ எழுதி வைத்தவர் வின்சென்ஸோ கலிலேய், வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்த கலிலியோவின் தந்தை. வீணைக்கு இந்த வகுத்தல் கிடையாது. மெழுகு இளக்கமாக இருக்கும்போதே காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி உட்கார வைக்கிறார்கள்.

இந்த இரண்டு உலகங்களையும் தன் விரலில் கொண்டுவந்து முட்டவிட்டவர் ஜான் மெக்லாக்லின். 1942இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கியவர். அந்தக் குழுவுக்காக அவர் கையில் இருந்த ஒரு கருவி, கையால் செய்த மின்கிதார்களின் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. கலிபோர்னியாவில் ரெக்ஸ் போக் என்ற வினைஞர் 1973இல் செய்து கொடுத்த 'டபுள் ரெயின்போ'. ஒரே உடலில் இரண்டு கழுத்து; ஒன்றில் 12 தந்தி, இன்னொன்றில் 6. விரற்பலகை நெடுகச் சிப்பியில் செதுக்கிப் பதித்த கொடி. ஒன்றுதான் செய்யப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் அது விழுந்து உடைந்தது. பிற்பாடு ஜப்பானிய நிறுவனமான இபனெஸ் அதன் சாயலில் இரட்டைக் கழுத்துக் கிதார்களை விற்றது. மூலக் கருவி திரும்பி வரவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான மாற்றம் அந்தச் சிப்பி வேலையில் இல்லை. அதே ஆண்டுகளில் மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டிருந்தார். ராமநாதன் பாடகர், வீணைக் கலைஞர், ஆய்வாளர். பிற்காலத்தில் சங்கீத கலாநிதி. மெக்லாக்லின் வீணைக் கலைஞராகவில்லை. கிதாருக்கே திரும்பினார். திரும்பும்போது வீணையின் காலி இடத்தை மட்டும் கையோடு கொண்டுபோனார் என்று சொல்லலாம்.

அப்படிப் பிறந்ததுதான் சக்தி கிதார். எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு சேர்ந்து 'சக்தி' என்ற குழுவில் வாசிக்க, கிப்ஸன் நிறுவனத்துக்காக ஆபிரகாம் வெக்டர் செய்து கொடுத்தது. வெளித்தோற்றத்தில் கிப்ஸனின் பெரிய உடல் கொண்ட ஜே-200 வகைக் கிதார். நெருங்கிப் பார்த்தால் இரண்டு விசித்திரங்கள். வழக்கமான 6 தந்திகளுக்கு அடியில், அவற்றுக்குக் குறுக்கே சாய்வாக இன்னும் 7 தந்திகள். தனியாகச் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். மீட்டினால் தாளத் தந்திபோல ஒலிக்கும். மீட்டாவிட்டாலும் மேல் தந்தியில் தனக்குப் பொருந்தும் சுரம் வந்தால் தானே அதிரும். ஒத்ததிர்வு என்று பள்ளிப் பாடத்தில் படித்த அதே சங்கதி. இரண்டாவது விசித்திரம், விரற்பலகையின் மெட்டுகளுக்கு நடுவே முழுக்கக் குடைந்திருந்த பள்ளம். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு மறு ஆண்டு 'சக்தி' என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தது. கிதாரில் அசல் கமகங்கள் விழுவதை மேற்கத்திய ரசிகர்கள் பலர் முதன்முதலில் கேட்டது அதில்தான் இருக்கும்.

சக்தி கிதார் அடிப்படையில் மரப்பெட்டிக் கிதார். அந்தப் பள்ளம் மெக்லாக்லினுக்கு அதோடு நிற்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் கிப்ஸன் இ.எஸ். 345 என்ற மின்கிதாரையும் அதேபோல் குடைந்து வாசித்தார்.

இதை வைத்து, உலகத்தில் பள்ளம் குடைந்த கிதார் எல்லாமே வீணையின் வாரிசு என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோர் தன் வழியில் அங்கே போய்ச் சேர்ந்தார். சுவீடனின் இங்வி மால்ம்ஸ்டீன், கருவி பழுதுபார்க்கும் பட்டறையில் பழைய லூட் ஒன்றின் குடைந்த கழுத்தைப் பார்த்துத் தன் கிதாரைக் குடைந்துகொண்டவர். 1988இல் ஃபெண்டர் நிறுவனம் அவர் பெயரிலேயே அப்படி ஒரு கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே தேவைக்கு மூன்று பேர் மூன்று வாசல் வழியாக வந்திருக்கிறார்கள். ஒரு வாசல் தஞ்சாவூர்ப் பக்கம் திறக்கிறது என்பது தமிழ் வாசகருக்குச் சந்தோஷமான செய்தி, அவ்வளவுதான்.

பள்ளம் வெட்டுவது கேட்பதற்கு எளிது. மெட்டுகளின் மேல் டேப் ஒட்டி மூடிக்கொண்டு, நடுவிலுள்ள மரத்தை அரைவட்ட அரத்தால் மெல்ல மெல்ல ராவ வேண்டும். உருளைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்துப் பள்ளத்தை வழவழப்பாக்க வேண்டும். ஆழம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் ஆபத்து. கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையில் கழுத்தை முன்னால் வளைக்கப் பார்ப்பதை எதிர்த்து நிற்பது அதுதான். மரத்தை அதிகம் குடைந்தால் அந்தச் சமநிலை கெடும். மெட்டின் இடம் காட்டும் புள்ளிச் சிப்பிகள் ஆழமாகப் பதிக்கப்படாதிருந்தால் ராவும்போது அவையும் போய்விடும். பல வினைஞர்கள் 12ஆம் மெட்டுக்கு மேலே மட்டும் குடைந்து கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீண்ட இழுப்புகள் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் விழும்.

வாசிப்பவருக்கும் தண்டனை உண்டு. விரலை நிறுத்தப் பலகை இல்லாததால், பயத்தில் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் தந்தி பள்ளத்துக்குள் இறங்கிச் சுருதி ஏறிவிடும். சாதாரணக் கிதாரில் பழகியவர் முதல் நாள் இதை எடுத்தால் எல்லாச் சுரமும் கூர்மையாகவே கேட்கும். வீணை மாணவர்களுக்கு இந்தத் தொல்லை சிறு வயதிலேயே பழகிப்போயிருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுன் தங்கை இந்த விஷயத்தில் அண்ணனைவிட ஒருபடி மேலே நிற்பாள்.

இதுவரை சொன்னது மரவேலை. மின்சாரம் எங்கே வருகிறது?

மின்கிதாரின் இதயம் பிக்கப். காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று சுற்றி, தந்திகளுக்கு அடியில் வைத்திருப்பார்கள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசையும். சுருளில் மின்னோட்டம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். ஜார்ஜ் போஷாம் என்பவர் 1931இல் இதை வைத்துச் செய்த முதல் கிதார் வாணலிபோல இருந்ததால் அதற்கு 'வறுக்கும் சட்டி' என்றே பெயர் விழுந்தது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிக்கப் கேட்பது தந்தியின் அசைவை; மரப்பெட்டியின் காற்றதிர்வை அல்ல. ஆகவே பெட்டி வேண்டியதில்லை. கெட்டி மரப்பலகை போதும். கெட்டிப் பலகை அதிராது. தந்தியின் சக்தியைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளாது. சுரம் நீண்டு நிற்கும்.

வீணைக்கு இந்த வசதி முழுசாகக் கிட்டவில்லை. சாரணி, பஞ்சமம் இரண்டும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் மரபாகப் பித்தளை. பித்தளை காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. அதனால் வீணைக்கு ஒட்டுமைக் வைப்பதே வழக்கமானது.

இந்தக் கெட்டிப்பலகைத் தத்துவத்தைக் கர்நாடக சங்கீதத்துக்காக முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது கிதார்கூட இல்லை, அதன் குட்டித் தம்பி. ஆந்திராவின் பாலக்கொல்லுவில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், ஆறு வயதில் அப்பா சத்யநாராயணாவின் மாண்டலினை எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயின்றவர். குரு பாடுவார், பையன் அதைத் தந்தியில் கண்டுபிடிப்பான். வாய்ப்பாட்டிலிருந்து நேராகக் கற்றதால் கருவியின் வசதிக்காகக் கமகத்தைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் ஸ்ரீநிவாஸுக்கு வரவே இல்லை. கருவிதான் வளைந்து கொடுக்க வேண்டியிருந்தது.

மேற்கத்திய மாண்டலினில் நான்கு ஜோடி, ஆக எட்டுத் தந்தி. ஜோடி எதற்கு? சத்தத்துக்கு. சின்னப் பெட்டி, குட்டைத் தந்தி. ஒற்றைத் தந்தி மண்டபத்துக்குக் கேட்காது. ஆனால் கமகத்துக்கு ஜோடி பெரிய இடைஞ்சல். இழுக்க இரட்டை விசை வேண்டும். இழுத்தாலும் இரண்டும் ஒரே அளவு நீளாது. ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு சுருதி அலையும். ஸ்ரீநிவாஸ் ஜோடிகளைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தந்திகளை வைத்தார். ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தியையும் சேர்த்தார். கழற்றியதால் போன சத்தத்தை யார் ஈடுகட்டுவது? அதைத்தான் பிக்கப் ஏற்றுக்கொண்டது. மரப்பெட்டியில் சட்டென்று செத்துவிடும் மாண்டலின் நாதம் கெட்டிப்பலகையில் ஒரு கார்வையை முழுசாகத் தாங்கி நின்றது. மின்சாரம் சத்தத்தின் பொறுப்பை எடுத்துக்கொண்டதால் தந்தி முழுக்க முழுக்கக் கமகத்துக்கென்று விடுதலையானது.

சின்னக் கருவி என்பதிலும் ஒரு லாபம் இருந்தது. மாண்டலினின் தந்தி நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். ஃபெண்டர் கிதாருக்கு 64.8. ஒரு முழுச் சுரம் ஏற விரல் கிதாரில் 7 சென்டிமீட்டர் நகர வேண்டிய இடத்தில் மாண்டலினில் 3.8 போதும். மேல் ஸ்தாயியில் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. இழுத்துச் செய்ய வேண்டிய பல கமகங்களை இங்கே மின்னல்போல் சறுக்கியே செய்துவிடலாம். ஸ்ரீநிவாஸின் துரித கதிப் பிருகாக்களில் கேட்பவர் வாயடைத்துப்போனதற்குப் பாதிக் காரணம் அவருடைய ஞானம். மீதியில் கொஞ்சத்தை இந்த 3.8 சென்டிமீட்டருக்கும் கொடுக்கலாம்.

1981 டிசம்பர் சீசனில் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் அவர் வாசித்தபோது வயது 12. சினிமாப் பாட்டுக்கு வாசிக்கும் வாத்தியத்தில் கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். வெகுகாலம் சுளிக்க முடியவில்லை. 1983இல் பெர்லின் ஜாஸ் விழா. அதே ஆண்டுகளில் சென்னையில் சுகுமார் பிரசாத் கர்நாடகக் கிருதிகளை மின்கிதாரில் வாசித்துக்கொண்டிருந்தார். 1990களின் இறுதியில் மெக்லாக்லின் 'ரிமெம்பர் சக்தி' என்று குழுவைப் புதுப்பித்தபோது, அவருக்குப் பக்கத்தில் ஐந்து தந்தி மாண்டலினோடு ஸ்ரீநிவாஸ் உட்கார்ந்தார். வீணையிடம் கடன் வாங்கிய கிதாரும், எட்டுத் தந்தியை ஐந்தாக்கிய மாண்டலினும் ஒரே மேடையில் பேசிக்கொண்டன. 2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் சென்னையில் காலமானார். சக்தியின் 50ஆம் ஆண்டுப் பயணம் 2023 ஜனவரியில் பெங்களூருக்கு வந்தபோது அந்த இருக்கை இல்லை.

சக்தியின் முதல் வயலின்காரர் எல். சங்கரும் தன் கருவியை மாற்றியவர்தான். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அவர், 1980இல் கென் பார்க்கர் என்ற அமெரிக்கக் கிதார் வினைஞரிடம் பத்துத் தந்தி, இரட்டைக் கழுத்து மின்வயலின் ஒன்றைச் செய்யச் சொன்னார். வயலின் முதல் டபுள் பாஸ் வரையுள்ள எல்லையைத் தொடுவதற்காக.

மின்கருவிக்கு ஒரு சாபமும் உண்டு. கர்நாடகக் கலைஞரை அது மற்றவர்களைவிட அதிகமாகவே வாட்டும். பிக்கப் சுருள் தந்தியை மட்டும் கேட்காது. சுவரில் ஓடும் வயரையும் கேட்கும். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை மாறுகிறது. அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமல் மேற்கத்திய 'ஜி' சுரத்தின் 49 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், ஆனால் அதோடு சேராமல், நிற்கிறது. தம்புராவுக்கு நடுவே சுருதி சேராத இன்னொரு தம்புரா! 1955இல் கிப்ஸனின் செத் லவர் இதற்கு மருந்து கண்டார்: சுற்றும் காந்தத் துருவமும் எதிரெதிராக உள்ள இரண்டு சுருள்களைப் பக்கத்தில் வைத்தால் தந்தியின் ஒலி கூடும், உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல கிதார்களின் விரற்பலகை ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரி, வயநாடு, குடகு என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக வளர்வது. நம் காட்டு மரம் அமெரிக்கக் கிதாரின் கழுத்தில் ஏறித் திரும்ப ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்து சேர்கிறது. 2017 ஜனவரியிலிருந்து இந்த இன மரங்கள் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததால் கருவி ஏற்றுமதிக்கே பத்திரம் தேவைப்பட்டது. 2019 நவம்பரில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

அரத்தை எடுக்கும் முன் அண்ணனும் தங்கையும் ஒன்றைக் கவனிக்கலாம். வீணையின் மெழுகு வெயிலில் இளகும். சென்னைக் கோடையில் மெட்டு நகர்ந்து சுருதி தப்பும். பெங்களூரில் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. எங்கே இருந்தாலும் சில வருஷத்துக்கு ஒரு தடவை வீணை வேலை தெரிந்தவரை வரவழைத்து, பழைய மெழுகைச் சுரண்டி, உருக்கி, கரி சேர்த்து, 24 மெட்டையும் முதலிலிருந்து பதிக்கச் சொல்லலாம். கிதாரில் ராவிய ஈட்டி மரத்தை அப்படி உருக்கி ஊற்ற முடியாது. பிடிக்கவில்லை என்றால் விரற்பலகையையே பெயர்த்துப் புதிதாக ஒட்ட வேண்டும். அதனால் விவரமான வினைஞர் முதலில் குடைவதில்லை. வழக்கத்தைவிட உயரமான மெட்டுக் கம்பியை அடித்துக் கொடுத்து, ஆறு மாதம் வாசித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுகிறார்.